கடைசிப் பதிப்பு எங்கே கிடைக்கும்?

“பழைய போனா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு” என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிதான் சில மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அம்மாவின் போனில் ஓடுவது ஆண்ட்ராய்டு 4.4, அதாவது கிட்கேட். 2013 அக்டோபர் கடைசியில் வந்த பதிப்பு. திரையில் ஒரு கீறல் கிடையாது. முதுகுமூடியைத் திறந்து பேட்டரியைக் கையாலேயே மாற்றிக்கொள்ள முடிந்த காலத்துப் போன் என்பதால், உள்ளே இருப்பது புது பேட்டரி. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே நடுவில் அழுத்தினால் ‘டக்’ என்று உள்ளே போய் வரும் ஹோம் பட்டன் அதில் இருக்கிறது. அம்மாவுக்கு விரல்களில் லேசான நடுக்கம். திரையின் ஓரத்திலிருந்து தள்ளுவது, கீழிருந்து மேலே இழுத்துப் பிடிப்பது போன்ற வித்தைகள் அவருக்குக் கைகூடவில்லை. எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் அந்தப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் முதல் திரைக்கு வந்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் அவர் போனைத் தொடுகிறார். மருந்து வேளைக்கு அலாரம், ஒரு வானொலி ஆப், ஒலிப்புத்தகங்கள், ஓர் அகராதி. இவ்வளவுதான் அதில் தேவை. பேசுவதற்குத் தனியாக ஒரு சின்ன போன் வைத்திருக்கிறார். இதில் சிம் கிடையாது, வைஃபை மட்டும்.

போன் மெதுவாகிவிட்டது, இடம் நிறைந்துவிட்டது என்று அம்மா சொன்னதும், சித்தப்பா மகன் நல்லெண்ணத்தோடு அதை ரீசெட் செய்துகொடுத்தான். பேட்டரியையும் ஒருமுறை கழற்றி மாட்டியிருக்கிறான். அதோடு வானொலி நின்றுபோனது. கணக்கில் நுழைய முயன்றால் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது. எந்த ஆப்பைத் தொட்டாலும் ‘கூகுள் ப்ளே சர்வீசஸ் நின்றுவிட்டது’ என்ற பெட்டி வந்தது. ஓகே கொடுத்தால் மறைந்து, அடுத்த நொடியே மறுபடி வந்தது. தம்பி கையை விரித்துவிட்டான். “இது எக்ஸ்பயர் ஆயிடுச்சு பெரியம்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.” அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “போன்ல ஒண்ணும் உடையலையேப்பா. நேத்துவரைக்கும் பாடுச்சு. அப்புறம் ஏன் ஓடாது?”

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன். போனைச் சரிசெய்வது அதற்குப் பிறகு வந்த வேலை.

ரீசெட் உண்மையில் என்ன செய்தது

போனோடு தொழிற்சாலையில் வந்த ஆப்கள் ஒரு தனிப் பகுதியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். நாம் எழுத முடியாத பகுதி அது. பின்னால் வரும் அப்டேட்கள் எல்லாம் வேறொரு பகுதியில் போய் உட்காரும். ரீசெட் செய்தால் அந்த இரண்டாவது பகுதி முழுக்கத் துடைக்கப்படும். ஆக, அம்மாவின் போனில் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு வந்த ப்ளே சர்வீசஸ், ஒரே நொடியில் அது பிறந்த காலத்துப் பதிப்புக்குப் போய்விட்டது. வன்பொருள் அப்படியே இருக்கிறது, இயங்குதளமும் அப்படியே இருக்கிறது. காணாமல் போனது இரண்டுக்கும் மேலே, ஆப்களுக்குக் கீழே இருந்த ஓர் அடுக்கு மட்டும்.

ப்ளே ஸ்டோரை எல்லோருக்கும் தெரியும். ப்ளே சர்வீசஸைப் பிழைச்செய்தி வரும்போது மட்டும்தான் தெரியும். அதற்கு ஐகான் கிடையாது, திறந்து பார்க்க முகப்பும் கிடையாது. ஆனால் கணக்கில் நுழைவது, அறிவிப்புகள் வந்து சேர்வது, இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. பல ஆப்கள் தங்கள் சர்வரோடு பாதுகாப்பாகப் பேசும் முறையைக்கூட அதனிடமிருந்துதான் கடன் வாங்குகின்றன. கிட்கேட்டில் டிஎல்எஸ் 1.2 என்ற மறையாக்க முறை உள்ளே இருந்தாலும், ஆப்களுக்கு அது இயல்பாகத் திறந்துவிடப்படவில்லை. ஆண்ட்ராய்டு 5-இல்தான் அது இயல்பானது. இன்றைய சர்வர்கள் பலவும் அதற்குக் கீழான முறையை ஏற்பதே இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப, புதிய பாதுகாப்பு நூலகத்தை ஆப்களுக்கு எடுத்துத் தருவதும் ப்ளே சர்வீசஸ் செய்யும் வேலைகளில் ஒன்று. அது பழையதாகிவிட்டால், ஆப் இருந்தும் பேச வாயில்லாமல் போகிறது.

2012-இல் இந்த அடுக்கு அறிமுகமானதற்கு நல்ல காரணம் இருந்தது. போன் தயாரிப்பாளர்கள் ஆண்ட்ராய்டின் புதுப் பதிப்புகளைத் தங்கள் பழைய போன்களுக்குப் பெரும்பாலும் கொண்டுவரவில்லை. அவர்களுக்காகக் காத்திருக்காமல், முக்கியமான வசதிகளை இயங்குதளத்திலிருந்து பிரித்தெடுத்து, நேரடியாகப் புதுப்பிக்கக்கூடிய ஒரு ஆப்பாகக் கொடுத்துவிட்டால் பழைய போனுக்கும் புதியவை கிடைக்கும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. கிட்கேட்டுக்கு ப்ளே சர்வீசஸ் அப்டேட்கள் 2023 ஆகஸ்டில்தான் நின்றன, கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் வந்திருக்கின்றன. போன் தயாரிப்பாளர் அம்மாவின் போனை எப்போதோ மறந்துவிட்ட பிறகும், இந்த அடுக்குதான் அதை ஓட வைத்தது. அதை மறைத்துவிட்டு வெறும் புகார் வாசிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அதே ஏற்பாடுதான் போனின் ஆயுளை அதற்கு வெளியே கொண்டுபோய் வைத்தது. கிட்கேட்டுக்கு முந்தைய ஆண்ட்ராய்டுப் பதிப்புகளில், ஜிஞ்சர்பிரெட் 2017 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. ஐஸ்க்ரீம் சாண்ட்விச் 2018 முடிவில். ஜெல்லி பீன் 2021-இல். ஆண்ட்ராய்டு 2.3.7-உம் அதற்குக் கீழானவையும் 2021 செப்டம்பர் 27-க்குப் பிறகு கூகுள் கணக்கில் நுழையவே முடியாது என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் போன்களில் எதை இன்ஸ்டால் செய்தாலும் பயனில்லை. கிட்கேட்டின் நிலை வேறு. அதற்கு இனிமேல் புதியது வராது, அவ்வளவுதான். கடைசியாக வந்த பதிப்பு இன்னும் வேலை செய்கிறது. ரீசெட் செய்யாமல் விட்டிருந்தால் அம்மாவின் போன் பாடிக்கொண்டே இருந்திருக்கும். அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கடைசிப் பதிப்பைத் தேடிப் பிடித்து மறுபடி அதில் ஏற்ற வேண்டும்.

தேதியும் சான்றிதழும்

முதலில் தேதி. பேட்டரியைக் கழற்றியதில் போனின் காலண்டர் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. பாதுகாப்பான இணைய இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதற்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. போன் தன்னை 2014-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் எல்லாமே ‘இன்னும் பிறக்காதவை’. இணைப்பு அங்கேயே அறுந்துவிடும். பிழைச்செய்தியோ சர்வர் பிரச்சினை என்றுதான் சொல்லும், தேதியைப் பார் என்று சொல்லாது. சிம் இல்லாத போனில் நெட்வொர்க்கிலிருந்து நேரம் வரும் என்று நம்பியிருக்கவும் முடியாது. கையால் மாற்றினேன். யாராவது பழைய போனோடு போராடிக்கொண்டிருந்தால், வேறு எதைத் தொடுவதற்கு முன்பும் இதைப் பாருங்கள்.

தேதி சரியான பிறகும் சில தளங்கள் திறக்கவில்லை. இது அடுத்த அடுக்கு. எந்த அமைப்புகள் தரும் சான்றிதழை நம்பலாம் என்ற பட்டியல் ஒன்று போனுக்குள் இருக்கிறது. அந்தப் பட்டியல் நாம் எழுத முடியாத அதே பூட்டிய பகுதியில்தான் இருக்கிறது. இயங்குதள அப்டேட் வந்தால் ஒழிய மாறாது. ப்ளே வழியாகவே அதைப் புதுப்பிக்கும் வசதி 2023-இல் ஆண்ட்ராய்டு 14-இல்தான் வந்தது. இணையத்தில் ஏராளமான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் வேர்ச்சான்றிதழ் (அது தரும் மற்ற சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையானது), ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களின் பட்டியலில் கிடையாது. ஆரம்பத்தில் அவர்கள் வேறொரு பழைய அமைப்பின் கையொப்பத்தைத் துணைக்கு வைத்துச் சமாளித்தார்கள். அந்தப் பழைய வேர் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. ஆனால் ஆண்ட்ராய்டு, தன் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கும் வேரின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை. அதைப் பயன்படுத்தி, பழைய போன்களுக்காகவே சிறப்பாக ஒரு கையொப்பம் வாங்கி, மேலும் மூன்று ஆண்டுகள் இழுத்தார்கள். 2024 செப்டம்பர் 30-ஓடு அதுவும் முடிந்தது. யாரோ சில பொறியாளர்கள், தங்களுக்கு ஒரு லாபமும் இல்லாத பழைய போன்களுக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது மனசு நிறைந்தது. தம்பி சொன்ன ‘எக்ஸ்பயர்’ என்பதற்கு எதிரான வேலை இதுதான்.

அந்த வேர்ச்சான்றிதழை நாமே ஏற்றலாம். கோப்பை போனில் போட்டு, அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், சேமிப்பிடத்திலிருந்து நிறுவு என்று கொடுக்க வேண்டும். உடனே திரையைத் திறக்க ஒரு நம்பர் பூட்டு கட்டாயம் என்று கேட்கும். அதையும் வைத்தால், மேலே அறிவிப்புப் பட்டியில் ஓர் எச்சரிக்கை வந்து நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும்: உங்கள் நெட்வொர்க்கை யாரோ கண்காணிக்கலாம். கிட்கேட்டில்தான் இந்த எச்சரிக்கை முதலில் வந்தது. காரணமும் சரிதான்: வேர்ச்சான்றிதழை ஏற்றக் கற்றுக்கொடுத்து ஒற்றுக்கேட்பவர்கள் உண்டு. ஆனால் அதைப் பார்த்து அம்மா பயப்படுவார், நடுங்கும் விரலால் ஒவ்வொரு முறையும் நம்பர் போட வேண்டியிருக்கும். வானொலி ஆப்புக்கு அது தேவைப்படவில்லை என்று தெரிந்ததும் சான்றிதழை நீக்கிவிட்டேன். தேவையான கோப்புகளைக் கணினியில் இறக்கி, கேபிள் வழியாக ஏற்றுவது என்று முடிவானது.

எந்தக் கோப்பு என்பதிலும் குழப்பம் உண்டு. ப்ளே சர்வீசஸ் ஒரே பதிப்பு எண்ணிலேயே பல வடிவங்களில் வரும். பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் இலக்கங்கள் எந்த ஆண்ட்ராய்டு, எந்த வகைச் சிப், எந்தத் திரை அடர்த்தி என்பதைச் சொல்கின்றன. பெரும்பாலானவர்கள் அதைக் கவனிக்காமல், இருப்பதிலேயே புதியதை இறக்கிவிடுகிறார்கள். போன் ‘பார்ஸ் எரர்’ என்று சொல்லி மறுத்துவிடும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்குவார்கள். கோப்பில் கோளாறு இருக்காது. இந்த இயங்குதளத்துக்கான கோப்பு அது இல்லை என்பதுதான் அதன் பொருள். கிட்கேட்டுக்குக் கடைசி என்று கூகுள் அறிவித்த எண் 23.30.99.

கையொப்பம் பொருந்தவில்லை

இங்கேதான் என் எண்ணம் திரும்பியது. அந்தப் பதிப்பு எண்ணைத் தேடினேன். முதல் வரிசையில் வந்த தளங்களில் ஒன்று, பார்க்க நல்ல துப்புரவாக இருந்தது. பெரிய பச்சைப் பட்டன், அதற்கு மேலே சரியான ஐகான், சரியான பெயர், சரியான பதிப்பு எண். கோப்பின் அளவுகூடக் கிட்டத்தட்ட மற்ற இடங்களில் பார்த்ததுபோலவே இருந்தது. இறக்கி, கேபிளில் ஏற்றி, போனில் தட்டினேன். கிட்கேட்டில் இன்ஸ்டால் செய்யும்போது, அந்த ஆப் கேட்கும் அனுமதிகளின் பட்டியல் முழுதும் வரும். அடுத்து, அடுத்து என்று கடைசிவரை தள்ளினால்தான் அந்தப் பட்டன் ‘இன்ஸ்டால்’ என்று மாறும். ப்ளே சர்வீசஸ் கேட்காத அனுமதி இல்லை என்பதால் பட்டியல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் அழுத்தினேன். பட்டை ஓடியது, முடிவுக்கு அருகே நின்றது. பிறகு ஒரு வரி: இதே பெயரில், பொருந்தாத கையொப்பத்தோடு ஒரு தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆப் இன்ஸ்டால் ஆகவில்லை.

கோப்பைத் திரும்பக் கணினிக்குக் கொண்டுவந்து, ஏபிகே சைனர் என்ற கருவியில் கொடுத்துக் கையொப்பத்தைப் படித்தேன். கூகுளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆண்ட்ராய்டு டீபக்’ என்று இருந்தது. ஆப் எழுதும் மென்பொருளை யார் நிறுவினாலும், சோதனைக்காக அவர்கள் கணினியில் தானாக உருவாகும் சாவியின் பெயர் அது. அதாவது யாரோ ஒருவர் அசல் கோப்பைப் பிரித்து, உள்ளே எதையோ மாற்றி, மறுபடி கட்டி, கையில் இருந்த சோதனைச் சாவியால் கையெழுத்துப் போட்டு, பச்சைப் பட்டனுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் அதை எழுதியவரின் சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கும். ஏற்கெனவே இருக்கும் ஆப்பின் மேல் அப்டேட் ஏற வேண்டும் என்றால், இரண்டின் கையொப்பமும் ஒரே சாவியிலிருந்து வந்திருக்க வேண்டும். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், சாவியை வைத்துக்கொள்ள முடியாது. தொழிற்சாலையில் பூட்டிய பகுதியில் வைக்கப்பட்ட அந்த ஆதிப் பதிப்பு, எதற்கும் உதவாத குப்பை என்று நான் நினைத்திருந்த அதே பதிப்பு, தன் கையொப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. எல்லோரும் பாதுகாப்பில்லை என்று சொன்ன போன், அன்றைக்கு அம்மாவைக் காப்பாற்றியது.

கொஞ்சம் யோசித்தால் பயமாகவும் இருந்தது. 2013 ஜூலையில் ‘மாஸ்டர் கீ’ என்று ஓர் ஓட்டை வெளிப்பட்டது நினைவுக்கு வந்தது: கையொப்பம் கெடாமலேயே கோப்புக்குள் மாற்றம் செய்ய முடிந்த ஓட்டை. கிட்கேட் வருவதற்குள் அது அடைக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய, திருத்தம் வராத போனாக இருந்திருந்தால் இந்தக் காவலை நம்பியிருக்க முடியாது. ஆதியிலிருந்தே ப்ளே சர்வீசஸ் இல்லாமல் வரும் சாதனமாக இருந்திருந்தால் இன்னும் மோசம். ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே எதுவுமே இல்லாததால், முதலில் வருகிறவரைப் போன் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அமேசான் ஃபயர் டேப்லெட் வைத்திருப்பவர்கள் பலர் கணக்கு மேலாளர், சர்வீசஸ் ஃபிரேம்வொர்க், ப்ளே சர்வீசஸ், ப்ளே ஸ்டோர் என்று நான்கு கோப்புகளை அதே வரிசையில் வெளியிலிருந்து ஏற்றுகிறார்கள். அந்த நான்கில் ஒன்று பச்சைப் பட்டனிலிருந்து வந்திருந்தால், கணக்கின் கடவுச்சொல் போகும் வழியில் யாரோ உட்கார்ந்திருப்பார். தெரியவே தெரியாது.

அசல் கோப்பு எனக்குக் கிடைத்தது. ஒவ்வொரு கோப்பின் கையொப்பத்தையும் சரிபார்த்த பிறகே வெளியிடும் ஏபிகே மிரர் தளத்தில் இருந்தது. இறக்கியதும் முதலில் கணினியில் கையொப்பத்தைப் பார்த்தேன், கூகுள் என்றே இருந்தது. போனில் ஏற்ற இடம் போதவில்லை என்றது. இந்தக் காலத்துக் கோப்புகள் பெரியவை. அதோடு கிட்கேட், ஆப்பை ஓட்டுவதற்காக அதிலிருந்து இன்னொரு நகலைத் தயாரித்து வைத்துக்கொள்ளும் என்பதால், கோப்பின் அளவைவிட நிறையவே காலியிடம் வேண்டும். நீக்க முடியாத ஆப்கள் சிலவற்றை முடக்கி இடம் பண்ணினேன். இந்த முறை பட்டை கடைசிவரை ஓடியது. ஒருமுறை அணைத்துப் போட்டதும் அந்தப் பெட்டி வரவில்லை. கணக்கு நுழைந்தது. ப்ளே ஸ்டோரில் வானொலி ஆப்பைத் தட்டியபோது, இன்றைய பதிப்பு இந்தப் போனில் ஓடாது என்பதால், இதற்குப் பொருந்தும் பழைய பதிப்பு தானாகவே இறங்கியது.

கடைக்கு உள்ளே வைத்த சாவி

இந்தக் கடைசி விஷயம்தான் என்னை விடவில்லை. ஒரு சாதாரண வானொலி ஆப்பின் பழைய பதிப்பை ப்ளே ஸ்டோர் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறது, கேட்டால் கையொப்பத்தோடு தருகிறது. எழுதியவர் அதை எடுத்துவிடாத வரை அது அங்கேயே இருக்கும். ஆப்பிளிலும் இப்படி ஒரு வசதி உண்டு. பழைய ஐபோனில், முன்பு வாங்கிய ஆப்களின் கடைசிப் பொருந்தும் பதிப்பை இறக்கலாம். ஆகவே பழைய பதிப்பைத் தருவது முடியாத காரியம் அல்ல, ஆபத்தான காரியமும் அல்ல என்று அந்த நிறுவனங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கடைக்குள் நுழையத் தேவையான ப்ளே சர்வீசஸுக்கு மட்டும் கடைக்கு வெளியே எங்கும் அதிகாரபூர்வமான இறக்கப் பக்கம் இல்லை. உள்ளே போனால்தான் கிடைக்கும். அது இருந்தால்தான் உள்ளே போகலாம். ரீசெட் ஆன ஒவ்வொரு பழைய போனும் இந்த வட்டத்தில் மாட்டுகிறது. வெளியே வர ஒரே வழி மூன்றாம் மனிதரின் தளம். நல்ல தளமா பச்சைப் பட்டனா என்பது தேடுபவரின் அதிர்ஷ்டம்.

இந்த அடுக்கு கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதும் சேர்ந்துகொள்கிறது. 2009-இல் சயனோஜென்மாட் என்ற தன்னார்வத் திட்டம், தான் மாற்றியமைத்த ஆண்ட்ராய்டுப் பதிப்பில் கூகுளின் ஆப்களையும் சேர்த்துக் கொடுத்தபோது, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அன்றிலிருந்து இயங்குதளம் தனி, கூகுள் ஆப்கள் தனி என்று பிரித்துத்தான் ஏற்றுகிறார்கள். இன்றைக்கு அதன் வாரிசான லினியேஜ் ஓஎஸ் போடுகிறவர்களும் அதே வழியில்தான் போகிறார்கள். 2019-இல் அமெரிக்கத் தடையால் ஹுவாவேயின் புதிய போன்கள் இந்த அடுக்கு இல்லாமல் வந்தபோது, உலகத் தரமான வன்பொருள் இருந்தும் வாங்கியவர்கள் திண்டாடினார்கள். அன்று அது பெரிய செய்தியானது. பழைய போன்களுக்கு நடப்பதும் அதுதான், தனித்தனியாக ஒவ்வொரு வீட்டிலும் நடப்பதால் யாருக்கும் செய்தியாகத் தெரிவதில்லை. மைக்ரோஜி என்று கட்டற்ற மாற்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது கூகுளின் கையொப்பத்தைப் போலக் காட்டிக்கொள்ள இயங்குதளமே அனுமதிக்க வேண்டும் என்பதால், தொழிற்சாலை மென்பொருள் ஓடும் அம்மாவின் போனில் அப்படியே ஏற்ற முடியாது.

ஆப் எழுதும் வேலையில் இருக்கும் நண்பனிடம் இதைச் சொன்னேன். பத்தாண்டுப் பழைய இயங்குதளத்தில் சோதித்துப் பார்த்து ஆப் எழுதுவது எவ்வளவு வலி என்று அவன் விவரித்தான். கிட்கேட்டைக் கைவிடும்போது கூகுள் சொன்ன காரணத்தையும் நினைவூட்டினான்: அதில் ஓடும் சாதனங்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. சரிதான். ஆனால் 300 கோடி ஆண்ட்ராய்டு சாதனங்கள் புழக்கத்தில் இருப்பதாக 2021-இல் அவர்களே சொன்னார்கள். 300 கோடியில் 1 சதவீதம் என்பது 3 கோடி. அதில் பாதி, கால் என்று எடுத்துக்கொண்டாலும் லட்சக்கணக்கில் வரும். தவிர, நான் கேட்பது புதிதாக எதையும் எழுதச் சொல்லி அல்ல. எழுதி, சோதித்து, கையொப்பமிட்டு, ஏற்கெனவே வெளியிட்ட கடைசிக் கோப்பை ஒரு பக்கத்தில் விட்டுவைக்கச் சொல்கிறேன். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் தன்னார்வலர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய பதிப்புகளைக்கூடத் தங்கள் காப்பகத் தளத்தில் வைத்திருக்கிறார்கள். காசு வாங்காமல் இதைச் செய்கிறார்கள். நண்பன் கடைசியில், “வச்சா, அதை யாராவது பாங்க் ஆப் போட்டு ஏமாந்தா கேஸ் போடுவாங்கடா” என்றான். அது நியாயமான பயம். ஆனால் இப்போதுள்ள ஏற்பாட்டில் ஏமாறுவதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

ப்ளே சர்வீசஸைப் புதுப்பித்ததால் போன் பாதுகாப்பாகிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடியில் இருக்கும் இயங்குதளம் அதே பழையதுதான். 2015-இல் வெளிப்பட்ட ஸ்டேஜ்ஃப்ரைட் ஓட்டையில், ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும், போனுக்குள் நுழைந்துவிடலாம். 2.2-இலிருந்து 5.1.1 வரை எல்லாவற்றிலும் அது இருந்தது. திருத்தம் போன் தயாரிப்பாளர் அனுப்பினால்தான் உண்டு. ஆப்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூ, கிட்கேட்டில் இயங்குதளத்தோடு ஒட்டியிருக்கிறது. அதைத் தனியே புதுப்பிக்கும் வழி ஆண்ட்ராய்டு 5-இல்தான் வந்தது. ஆகவே அம்மாவின் போனில் சிம் போடுவதில்லை, பணம் சம்பந்தப்பட்ட எதுவும் இல்லை, அவருடைய உண்மையான மின்னஞ்சல் கணக்கும் இல்லை. கணினியில் புதிதாக ஒரு கணக்கு உருவாக்கி அதைக் கொடுத்திருக்கிறேன். அது பறிபோனால் போவது வானொலி நிலையங்களின் பட்டியல் மட்டும். வங்கி வேலையைப் பழைய போனில் செய்வதா என்று என்னிடம் யார் கேட்டாலும், கூடவே கூடாது என்றுதான் சொல்வேன். ‘தூக்கிப் போடு’ என்பவர்களின் பாதி நியாயம் இது.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயங்குதள அப்டேட் தர வேண்டும். 2023-இல் பிக்சல் 8-க்கும், 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டுகள் என்று நிறுவனங்களே வாக்குக் கொடுத்திருக்கின்றன. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் எட்டாவது ஆண்டில் யாராவது அந்தப் போனை ரீசெட் செய்வார்கள். அன்றைக்கு அதற்கான கடைசிக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அந்த வாக்குறுதிகளில் ஒரு வரி கிடையாது.

அம்மாவுக்குப் பதில் சொன்னேன். “போன் கெட்டுப் போகலம்மா. அதுக்கு உள்ள ஒரு ஆப் பழசாப் போச்சு. அதைக் கடைக்காரங்க வெளியில தர மாட்டேங்கறாங்க, அதான் தேட வேண்டியதாப் போச்சு.” “குடுத்தா அவங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?” என்றார். நண்பன் சொன்ன காரணத்தைச் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

தங்கையிடம் ஆண்ட்ராய்டு 5 ஓடும் டேப்லெட் ஒன்று இருக்கிறது, அதுவும் மெதுவாகிவிட்டதாம். ரீசெட் பட்டனைத் தொடாதே என்று முதலில் சொல்லிவிட்டேன். இப்போது அதில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ளே சர்வீசஸையும் ப்ளே ஸ்டோரையும் அப்படியே நகலெடுக்கலாம். ரூட் (பூட்டிய பகுதியையும் திறக்கும் முழு அதிகாரம்) எதுவும் தேவையில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங்கைத் திறந்து, கணினியோடு இணைத்து, ஏடிபி என்ற, கணினியிலிருந்து சாதனத்துக்குக் கட்டளை கொடுக்கும் கருவியில் ‘பிஎம் பாத்’ என்று தொகுப்பின் பெயரோடு கேட்டால், கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும். ‘புல்’ கொடுத்தால் கோப்பு கணினிக்கு வந்துவிடும். அந்தச் சாதனத்துக்கே உரிய சரியான வடிவம், அசல் கையொப்பத்தோடு. பச்சைப் பட்டன் பக்கம் போகவே வேண்டாம். எடுத்ததும் கையொப்பத்தை ஒருமுறை படித்துப் பார்த்து, டேப்லெட் மாடலின் பெயரை எழுதி ஒரு ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். உங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய போன் இருந்தால், இதை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுங்கள்.